மழலையர்க்குத் தனித்தன்மை உணர்த்தல்

தனித்தன்மை என்பது கருத்துப் பொருள். கண்ணாற் காணவோ கையால் தொடவோ இயலாதது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கோ காட்சியே பாடம். ஆகவே, ஆசிரியர் முதற்கண் சொல்லைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 'தனிச்சிறப்பு' என்னும் சொல்லை இவ்விடத்துத் தவிர்ப்பதே நன்று என்பது என் கருத்து. சிறப்பு என்றவுடன் குழந்தை முதல் மதிப்பெண்ணையும் பரிசுக் கோப்பையையும் நினைக்கும். பரிசு பெறாத பிள்ளை, தனக்கு அஃது இல்லை என்று ஒதுங்கிவிடும். "உன்னைப் போல் இன்னொருவர் இல்லை" என்பதே போதும்.

இதனை மெய்ப்பிக்க முத்திரையிடும் மைப்பெட்டி ஒன்றும் வெள்ளைத் தாளும் வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் கட்டைவிரலைப் பதிக்கட்டும், உருப்பெருக்காடியால் பார்க்கட்டும். ஒருவன் விரலில் சுழி. ஒருத்தி விரலில் வில். பலர் விரலில் கண்ணிபோல் வளைந்து திரும்பும் வரிகள். இரண்டு சுழிகள் ஒன்றுபோல் தோன்றினும், வரிகள் பிரியுமிடமும் முடியுமிடமும் வேறாகும். ஒரே குழந்தையின் பத்து விரல்களும் பத்து விதம்!

வகுப்பில் இரட்டையர் இருப்பின் பாடம் எளிதாகும். ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையர்க்கு முகம் ஒன்று, மரபுக்கூறும் ஏறத்தாழ ஒன்று, ரேகையோ வெவ்வேறு. கருவறையில் மூன்று, நான்காம் திங்களில் இவ்வரிகள் உருவாகும்போது, விரலின் வளர்ச்சியும் அதனைச் சூழ்ந்த நீரின் அழுத்தமும் இருவர்க்கும் சிறிதளவேனும் மாறுபடுவதே காரணம். மழலையர்க்கு இவ்விளக்கம் வேண்டா, கண்டதே போதும்.

மேல்வகுப்பு மாணவர்க்கு வரலாறும் கூறலாம். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவிய ரேகை வகைப்பாட்டு முறையை உருவாக்க உழைத்தவர்கள் காஜி அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர்.

இப்பாடத்தால் விளையும் நன்மை மற்றொன்றும் உண்டு. 'கைநாட்டு' என்பது நம்மிடையே கல்லாதாரை இகழும் சொல்லாகிவிட்டது. பெருவிரல் பதிக்கும் தாயைக் குறித்துக் கூசும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உளர். கையொப்பத்தைப் பார்த்து எழுதப் பழகலாம். அத்தாயின் ரேகையோ வேறெவர் விரலிலும் இல்லை என்பதை அப்பிள்ளை தன் கண்ணாலேயே காண்கிறது.

"வேலை செய்தால் தேயாதா, ஐயா?" என்று ஒரு குழந்தை நிச்சயம் கேட்கும். தேயும். சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் உழைப்போர் விரல்களில் வரிகள் மங்கிப்போவதுண்டு. ஆழ்ந்த காயம் இல்லையெனில், சில வாரம் ஓய்ந்திருக்கத் தோல் புதிதாய் வளரும். பழைய வரிகளே மீண்டும் எழும்.