அறக்கட்டளையா, சங்கமா, எட்டாம் பிரிவு நிறுவனமா: தலைமை மாற்றத்தை முன்வைத்து ஒரு தேர்வு

தமிழ்நாட்டில் இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பைத் தொடங்க முன்வருவோர் ஆடிட்டரிடமோ ஆவண எழுத்தரிடமோ முதலில் கேட்பது, எந்த வடிவத்தில் பதிவு செய்தால் செலவும் அலைச்சலும் குறையும் என்பதைத்தான். அதற்கு அநேகமாகக் கிடைக்கும் விடை அறக்கட்டளை என்பது. ஆவணத்தை எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் மற்ற வேலைகளைத் தொடங்கிவிடலாம். பதிவு நாளின் வசதியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவ்விடையில் பிழையில்லை. ஆயினும், அமைப்பைத் தொடங்கியவர் தளர்ந்தபின் அவருடைய இடத்தில் யார் அமர்வது, அவர் வகுத்த திட்டத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு என்னும் கேள்விகள் எழும்போது, அவற்றுக்கு விடை தருவது அன்று தேர்ந்தெடுத்த வடிவமே ஆகையால், தேர்வை அந்தப் பிற்கால நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிச் செய்வதே தகும்.

அத்தகைய திட்டத்தை வகுக்கும் உத்திசார் திட்டமிடல் எனப்படுவது, வரும் சில ஆண்டுகளில் எந்தப் பணியை ஏற்பது, எதைக் கைவிடுவது, அவற்றுக்கான பணமும் ஆளும் எங்கிருந்து வரும் என்பவற்றை எழுத்தில் தீர்மானித்து, அத்தீர்மானத்தை அவ்வப்போது மறுபடி ஆராய்வதாகும். இவற்றுள் கைவிடுவதுதான் கடினம். புதிய பணியை ஏற்க எந்தக் குழுவும் எளிதில் இசையும், பதினைந்து ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு மாலைநேரப் பள்ளியை மூடுவதற்கோ அதிகாரம் ஐயமறத் தெரிந்த ஒரு தலைமை வேண்டும். தலைமையின் அதிகாரத்தை எண்ணாமல், வரிச்சலுகையைக் காரணங்காட்டி ஒரு வடிவத்தைப் பரிந்துரைப்போரும் உண்டு. ஆனால் வருமான வரித்துறையின் பதிவைப் பெற்றுவிட்டால், ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்ற விதி உட்பட, மூன்று வடிவங்களும் ஏறத்தாழ ஒரே தட்டில்தான் நிறுக்கப்படுகின்றன. வேறுபாடு ஆளுகையில் இருக்கிறது.

அறக்கட்டளை என்பது ஒருவர் தம் சொத்தையோ பணத்தையோ பொதுநோக்கத்துக்கென ஒதுக்கி, அதைக் காக்கும் பொறுப்பை அறங்காவலர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடாகும். இதில் ஆவணமே அரசியலமைப்பு. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. மகாராஷ்டிரத்தில் 1950 முதல் நடைமுறையில் உள்ளதைப் போன்ற பொது அறக்கட்டளைச் சட்டமோ அறநிலைய ஆணையரோ தமிழ்நாட்டில் இல்லை (இந்து சமய அறநிலையத்துறையின் எல்லை வேறு). எனவே, ஆவணத்தில் எழுதப்படாத ஒன்றைப் பின்னர் பெறுவதற்கு உரிமையியல் நீதிமன்றத்தைத் தவிர வேறிடம் அரிது. இங்குப் பதிவாகும் ஆவணங்கள் பலவற்றில், நிறுவனர் வாழ்நாள் முழுவதும் நிர்வாக அறங்காவலராக இருப்பார் என்றும், அவருக்குப்பின் அவருடைய வாரிசுகளுள் மூத்தவர் அப்பொறுப்பை ஏற்பார் என்றும் ஒரு பத்தி, முன்பு எழுதிய பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்ததுபோல் இடம்பெறுகிறது. வாரிசுக்கு அப்பணியில் நாட்டமில்லாவிட்டால் என்ன செய்வது என்பது பற்றி ஆவணம் வாய் திறப்பதில்லை. அறங்காவலர்கள் ஒருமித்தே முடிவெடுக்க வேண்டும் என்பது பொதுவிதி ஆகையால், பெரும்பான்மை போதும் என்று ஆவணம் கூறாதவரை, ஒரே ஒருவரின் மறுப்பு முழுத்திட்டத்தையும் நிறுத்திவிடக்கூடும்.

இவ்வளவு குறைகளையும் மீறி அறக்கட்டளை சிறப்பாக இயங்குவதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை சான்றாகிறது. அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கியபோது, உடன்பிறந்தாரும் அவர்தம் துணைவர்களும் மருத்துவர்களாகவும் நிர்வாகிகளாகவும் அதிலேயே இணைந்தனர். கட்டணம் செலுத்துவோரின் வருவாயிலிருந்து கட்டணமில்லாச் சிகிச்சையை நடத்துவது என்ற முதன்மைத் தீர்மானமும், இறக்குமதி விலையின் சுமை நீங்கக் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ்களைத் தாமே தயாரிப்பதென 1992இல் ஆரோலேப் நிறுவனத்தைத் தொடங்கிய தீர்மானமும், நீண்டகால நோக்கும் கருத்தொற்றுமையும் உடைய ஒரு சிறு வட்டத்தால் எடுக்கப்பட்டவை. 2006இல் வெங்கடசாமி மறைந்தபின் மருத்துவர் பெ. நம்பெருமாள்சாமி போன்றோர் தலைமையைத் தொடர்ந்தனர். அவர்கள் பல்லாண்டுகள் அங்கேயே பணியாற்றித் தேர்ந்தவர்கள். இதிலிருந்து அறக்கட்டளையே சிறந்தது என்று முடிவுகட்டுவது தவறாகும். அங்கே தலைமையை வளர்த்தது ஆவணம் அன்று. குடும்பம், தொழில், நோக்கம் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த அரிய நேர்வு. அந்நேர்வு வாய்க்காதவர்கள் ஆவணத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

சங்கம், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகும் உறுப்பினர் அமைப்பாகும். குறைந்தது ஏழு பேர் சேர்ந்து தொடங்கலாம். மூவருக்குக் குறையாத செயற்குழு வேண்டும். செயற்குழுவினரின் பதவிக்காலம் மூன்றாண்டுகளை மிஞ்சக்கூடாது, மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. குறித்த காலத்துக்கு ஒருமுறை தலைமையைத் தேர்தலுக்கு உட்படுத்துவதைச் சட்டமே கட்டாயமாக்கும் வடிவம் இது. நிர்வாகிகள் மாறினால் படிவம் 7இல் புதிய நிர்வாகிகளின் பெயர்களைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஒற்றைத் தாளைச் சுற்றித்தான் தமிழ்நாட்டுச் சங்கங்களின் பாதிச் சண்டைகள் சுழல்கின்றன எனலாம். இரு அணிகள் தனித்தனியே பொதுக்குழு கூட்டி, தனித்தனி நடவடிக்கைக் குறிப்பேடுகளுடன் தனித்தனிப் படிவங்களைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, எது செல்லும் என்று முடிவாகும்வரை வங்கிக் கையொப்பம் முதல் ஊழியர் சம்பளம் வரை எல்லாம் தொங்கலில் நிற்கும். உறுப்பினர் பதிவேட்டை ஒழுங்காகப் பேணாததே பெரும்பாலும் இதற்கு வேர். வாக்குரிமை யாருக்கு என்பது தெரியாவிட்டால் தேர்தலுக்கே பொருளில்லை.

உறுப்பினர் தகுதி தெளிவாக இருக்குமிடத்தில் சங்கவடிவம் எவ்வளவு நிலைபேறுடையது என்பதற்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி எடுத்துக்காட்டாகும். 1900இல் ஐடா ஸ்கடர் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப்பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பின்னர்ப் பல திருச்சபைகளின் பிரதிநிதிகள் கூடும் மன்றத்தின் ஆளுகைக்குள் அமைந்தது. உறுப்பினர் தனிமனிதர் அல்லர், திருச்சபைகள். ஆகவே எந்தக் குடும்பமும் அதைத் தன்னுடையதாகக் கொள்ள இயலவில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றபோது ஐடா ஸ்கடர் உயிரோடிருந்தார். 1960இல் மறையும்வரை, தாம் தொடங்கிய பணியைப் பிறர் நடத்துவதை அவர் காண முடிந்தது.

எட்டாம் பிரிவு நிறுவனம், 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் அந்த எண்ணுள்ள பிரிவின்கீழ் அமைவதால் அப்பெயர் பெற்றது. இலாபத்தைப் பங்காகப் பிரிக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை. கைபேசி வழிப் பணப்பரிமாற்றமான யுபிஐயை இயக்கும் தேசியப் பணம் செலுத்துக் கழகமே இவ்வகையைச் சேர்ந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இயக்குநர் ஒருவரை, அவர் தரப்பைக் கேட்டபின், உறுப்பினர்கள் சாதாரணத் தீர்மானத்தாலேயே நீக்கலாம். நோக்கத்தை மாற்றுவதற்குச் சிறப்புத் தீர்மானத்தோடு அரசின் ஒப்புதலும் வேண்டும். அதாவது ஆட்களை மாற்றுவது எளிது, நோக்கத்தை மாற்றுவது கடினம். பொதுப்பணிக்கு இதுவே சரியான விகிதம். ஆனால் ஆண்டுக் கணக்கையும் அறிக்கையையும் காலந்தாழ்த்தித் தாக்கல் செய்தால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு ரூ.100 வீதம் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் ஆகையால், ஒரு கிராமத்து நூலகத்தை நடத்துவதற்கு இவ்வடிவம் பொருந்தாது. கணவனும் மனைவியும் மட்டுமே உறுப்பினர்களும் இயக்குநர்களுமாக இருந்துவிட்டால், இதற்கும் குடும்ப அறக்கட்டளைக்கும் பெயர்ப்பலகையில் மட்டுமே வேறுபாடு.

வடிவத்தைத் தேர்ந்தபின்னரும் காலக்கணக்குகளைப் பொருத்துவது எஞ்சியிருக்கும். சங்கத்தின் செயற்குழுவுக்கு ஆயுள் மூன்றாண்டு. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் தொடர்பணி எனப்படுவது தொடங்கிய ஆண்டு நீங்கலாக அதிகம் மூன்றாண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவுக்கு ஐந்தாண்டு. இவற்றின்மீது ஐந்தாண்டுத் திட்டமொன்றை வரைந்து வைத்தால், வரைந்த செயற்குழுவே நடுவழியில் கலைந்துவிடும். ஒன்பது பேர் கொண்ட செயற்குழுவில் ஆண்டுதோறும் மூவர் விலகி மூவர் வரும்படி துணைவிதிகளில் எழுதிக்கொண்டால், சட்டத்தின் மூன்றாண்டு வரம்பும் மீறப்படாது, திட்டத்தின் பின்னணி அறிந்தோரும் எப்போதும் அவையில் இருப்பர். நிறுவனருக்குப் பதிலாகச் சம்பளம் பெறும் தலைமை நிர்வாகியை அமர்த்த எண்ணுவோர் இன்னொன்றையும் கணக்கிட வேண்டும்: வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020இன் திருத்தத்தால் 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைக்கப்பட்டது. களத்தில் பணிபுரியும் மருத்துவரின், ஆசிரியரின் ஊதியம் அவ்வரம்புக்குள் வராது. அலுவலகத் தலைமையின் ஊதியம் வரும். ஊதியமின்றி இருபதாண்டு உழைத்த நிறுவனரின் இடத்தை நிரப்பும் செலவு, இதனால், அந்நிதியைச் சார்ந்த எந்தத் திட்டத்திலும் எளிதில் அடங்குவதில்லை.

ஆகவே, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர், மீனவப் பெண்கள் என்று பயன்பெறுவோரே உரிமையாளராகவும் இருக்கவேண்டிய அமைப்புக்குச் சங்கமும், பல மாநிலங்களில் சம்பள ஊழியர்களைக் கொண்டு இயங்க எண்ணும் அமைப்புக்கு எட்டாம் பிரிவு நிறுவனமும் ஏற்றவை. ஒரு கட்டடத்தையோ நிலத்தையோ ஒரே நோக்கத்துக்கென நிலையாக விட்டுச்செல்ல விரும்புவோருக்கு அறக்கட்டளையை விஞ்சியது இல்லை. அதைத் தேர்வோர், அறங்காவலரின் பதவிக்காலம், உறவினர் எண்ணிக்கைக்கு வரம்பு, பெரும்பான்மை முடிவு, நோக்கத்தைத் தொடாமல் பிற விதிகளைத் திருத்தும் அதிகாரம் ஆகிய நான்கையும் ஆவணத்திலேயே எழுதுவிப்பது அவசியம். நான்காவது இருந்தால், விடுபட்ட மற்ற மூன்றையும் பின்னர் ஒரு திருத்த ஆவணத்தின் மூலம் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் இல்லாத பழைய ஆவணமாயின், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ், அறக்கட்டளையில் அக்கறையுடைய இருவரேனும் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடுத்து, புதிய நிர்வாகத் திட்டமொன்றை வகுத்துத் தருமாறு கோர வேண்டியிருக்கும்.