எடை கூடிய கார்

அன்புள்ள தம்பிக்கு,

உன் திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். பகலெல்லாம் பனியன் கம்பெனிச் செக்கிங் டேபிளில் நின்று, ஒன்றரை ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்பிய பிறகு 140 பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த உழைப்புக்கு முதலில் என் வணக்கம்.

சர்வதேசப் போதைக் கடத்தல் கும்பலைப் பிடிக்கப் போகும் இரண்டு போலீஸ்காரர்கள். நல்ல கரு. ஆனால் கதை மும்பையில் தொடங்கி கோவாவில் முடிகிறது. பதினோரு சண்டை, மூன்று கார் துரத்தல். நீ பிறந்து வளர்ந்த திருப்பூர் ஒரு காட்சியில்கூட இல்லை. உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே இடத்தை ஏன் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாய்?

உனக்கு முன்மாதிரி 'தி பிரெஞ்சு கனெக்‌ஷன்' என்று சொன்னாய். வில்லியம் ஃபிரீட்கின் இயக்கி 1971-இல் வந்த படம். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது. எடி ஈகன், சோனி கிராஸோ என்ற இரண்டு நியூயார்க் துப்பறிவாளர்கள் 1961-62-இல் நடத்திய உண்மை வழக்குதான் அதற்கு அடிப்படை. துருக்கியில் விளைந்த அபின், பிரான்சின் மார்செய் நகரத்தில் ஹெராயினாகி, கப்பலேறி அமெரிக்கா போன காலம் அது. உயரத்தில் ஓடும் ரயிலுக்குக் கீழே கார் பறக்கும் துரத்தலைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். நீயும் அதைத்தான் மூன்று இடத்தில் எழுதிப் பார்த்திருக்கிறாய்.

அதைவிடப் பெரிய காட்சி போலீஸ் கராஜில் நடக்கிறது. சந்தேகப்பட்ட காரைக் கொண்டுவந்து இருக்கை, தரைவிரிப்பு, அடிப்பாகம் என்று கழற்றிக் குவிக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. காரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அப்போது ஒருவர் கப்பல் காகிதத்தில் இருக்கும் எடையைப் பார்க்கிறார். கார் இருக்க வேண்டிய எடையைவிட 120 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 54 கிலோ, கூடுதலாக இருக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை என்கிறார் மெக்கானிக். சரக்கு அங்கே இருக்கிறது.

தம்பி, இந்தக் காட்சியை நம் ஊர் பேக்கிங் செக்‌ஷனில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிராஸ் வெயிட், நெட் வெயிட், கார்ட்டன் நம்பர் என்று பேக்கிங் லிஸ்ட்டில் எழுதியதும் தராசில் வருவதும் ஒத்துப்போகாவிட்டால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். இரண்டு பீஸ் குறைந்ததற்காக விடிய விடியப் பெட்டி பிரித்து எண்ணியவன் நான். அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது அந்த மெக்கானிக் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

கடத்தல் நள்ளிரவுப் படகில் மட்டும் நடப்பதில்லை. 2021 ஏப்ரலில் நம் சரக்கெல்லாம் போகிற தூத்துக்குடித் துறைமுகத்தில், மரத்தடிகள் வந்த கன்டெய்னரிலிருந்து 300 கிலோவுக்கும் மேல் கோகெயினை வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் பிடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ராவில் 2,988 கிலோ ஹெராயின் சிக்கியது. காகிதத்தில் அது டால்க் கல், விஜயவாடா முகவரியில் பதிவான ஒரு நிறுவனத்துக்கு வந்த சரக்கு. 2024-இல் சூடோஎபெட்ரின் வழக்கு. சத்துமாவிலும் தேங்காய்த்தூளிலும் மறைத்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மூன்று ஆண்டுகளில் சுமார் 3,500 கிலோ அனுப்பினார்கள் என்றது போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம். அதில் கைதானவர்களில் ஒருவர் தமிழ்ப்படத் தயாரிப்பாளர். இவை எல்லாவற்றிலும் இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், சீல் நம்பர், கிளியரிங் ஏஜென்ட் எல்லாம் உண்டு. நம் ஊர்க் கம்பெனிகளில் தினமும் புரள்கிற காகிதங்கள்தான் தம்பி. கோவாவை விட்டுவிட்டு இந்தக் காகிதங்களிலிருந்து தொடங்கு.

அடுத்தது காத்திருப்பு. அந்தப் படத்தில் கடத்தல்காரர் சூடான உணவகத்துக்குள் உட்கார்ந்து நிதானமாக விருந்து சாப்பிடுகிறார். எதிர் நடைபாதையில் குளிரில் கால் மாற்றி நிற்கிற போலீஸ்காரருக்கு ஆறிப்போன பீட்சாவும் வாயில் வைக்க முடியாத காபியும். வசனமே தேவைப்படவில்லை. உன் நாயகனை மஃப்டியில் பல்லடம் ரோட்டு டீக்கடை ஒன்றில் மூன்று இரவு உட்கார வை. எதிர் குடோனில் லோடு ஏறுவதைப் பார்க்கட்டும். மூன்றாவது இரவில் அவன் மனைவி போன் செய்யட்டும். 'கைதி' படத்தில் ஒரே இரவும் ஒரு லாரியும் போதுமாயிருந்தன, பாட்டுகூட இல்லை.

பிடிபட்டதோடு உன் கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கேதான் போலீஸின் கஷ்டம் ஆரம்பம். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவை எடுத்துப் படி. ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் முன்போ கெசட்டட் அதிகாரி முன்போ சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் வழக்கு நொறுங்கும். உன் நாயகன் வில்லனை அடித்து வாக்குமூலம் வாங்குகிறானே, அதுவும் நிற்காது. அந்தச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் அதிகாரிகள் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று 2020 அக்டோபர் 29-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே நம் தமிழ்நாட்டுடையது: தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. நியூயார்க்கில் நடந்ததையும் கேள். அந்தப் பிரெஞ்சு வழக்கில் கைப்பற்றிய ஹெராயின் காவல்துறையின் சொந்தச் சான்றுப்பொருள் அறையிலிருந்தே களவு போயிருந்தது 1972-இல் தெரியவந்தது. பொட்டலங்களில் மாவு இருந்தது. படமும் கடத்தல்காரர் தப்பிப்பதோடுதான் முடிகிறது. உன் கடைசிக் காட்சியில் இந்தக் கசப்பில் கொஞ்சமாவது இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 62-ஆம் பக்கத்தில் தன்பாத் – ஆலப்புழா ரயிலிலிருந்து திருப்பூரில் இறங்கும் பீகார்ப் பையனைப் பார்த்ததும் பின்னணியில் வில்லன் இசை என்று எழுதியிருக்கிறாய். அந்த ரயிலில் கஞ்சா வருகிறது, பிடிக்கிறார்கள், உண்மை. அதே ரயிலில்தான் நம் ஓவர்லாக் மெஷின்களில் உட்காரும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் வருகிறார்கள். உன் பக்கத்து டேபிளில் நிற்பவனுக்கு ஊர் எது, அவன் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறான் என்று உனக்குத் தெரியும். பை தூக்கி வருகிறவனை வில்லனாக்குவது சுலபம். பணம் போட்டவன் அந்த ரயிலில் ஏறுவதே இல்லை. தெரிந்தே இதை எழுதினால் அது பிழையில்லை தம்பி, அநியாயம்.

அந்தப் பக்கத்தை உன் பக்கத்து டேபிள்காரனிடமே படித்துக் காட்டு. அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுது. அதற்குப் பிறகு அடுத்த பிரதியை அனுப்பு, படிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்