நெடும்பலகை பயில்வோம்

காரியவட்டம் வளாகத்தில் நான் மாலை வேளைகளில் நெடும்பலகை மீதேறிச் செல்வதைக் கண்டு நண்பர் சிலர் நகைத்தனர். வேறு சிலரோ, "எதை வாங்குவது? எப்படிப் பழகுவது?" என்று வினவினர். நகைத்தோர் நகைக்கட்டும், வினவியோர்க்காக இதனை எழுதுகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். படம் அழகாயிருந்தது என்பதற்காகவே ஒரு பலகை வாங்கினேன். அது நெடும்பலகை அன்று. குதித்தும் புரட்டியும் வித்தை காட்டுவதற்கான குட்டைப் பலகை. அதன் சக்கரம் 52 மில்லிமீட்டர். கல்லைப் போன்ற கடினம். சாலையில் கடலையளவு சரளைக்கல் ஒன்று குறுக்கிட்டது. சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை! வலக்கை மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பருவத் தேர்வை என்னால் எழுத இயலவில்லை. குற்றம் பலகையினுடையதா? அன்று. வழவழப்பான தளத்திற்கென்று செய்ததைச் சரளைச் சாலைக்குக் கொண்டுவந்த என்னுடையதே.

இது புதிய பாடமும் அன்று. 1950-களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்கள், அலையில்லாத நாட்களில் பலகையில் சக்கரம் பூட்டித் தரையில் சறுக்கினார்கள். அந்நாளைய உலோகச் சக்கரமும் களிமண் சக்கரமும் சிறு கல்லுக்கே ஆளைத் தூக்கியெறிந்தன. 1970-களின் தொடக்கத்தில் பாலியூரித்தேன் சக்கரம் வந்த பின்னரே சாலை வசப்பட்டது.

ஆகவே, பலகை வாங்கும்போது படத்தைப் பாராதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். நம் சாலைகளுக்கு 65 முதல் 75 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள சக்கரம் வேண்டும். அதன் மீது 78A என்பது போல் ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூடக் கடினம் கூடும். 80A-க்கு உட்பட்டதே நமக்கு ஏற்றது. பெரிய மென்மையான சக்கரம் சிறு கல்லைத் தாண்டிப் போகும்.

பலகையின் நீளம் 36 முதல் 42 அங்குலம் வரை இருக்கலாம். அச்சைத் தாங்கும் 'டிரக்' பலகையைத் துளைத்துப் பூட்டப்பட்டிருந்தால் பலகை தரைக்கு நெருங்கி நிற்கும். காலால் உந்துவது எளிது, தடுமாற்றமும் குறைவு. தொடங்குவோர்க்கு அதுவே நன்று. பேரிங்குகள் பெரும்பாலும் ஒரே அளவானவை, பின்னர் மாற்றிக்கொள்ளலாம். அதில் மிச்சமாகும் பணத்தைத் தலைக்கவசத்திற்கும் மணிக்கட்டுக் காப்புக்கும் செலவிடுங்கள்.

இனிப் பயிற்சி. எல்லோரும் முதலில் ஓடக் கற்க விரும்புகிறார்கள். நான் சொல்வது, முதலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். முன்காலின் முழங்காலை மடக்கி, உடலின் பாரம் முழுவதையும் அதன் மீது நிறுத்துங்கள். மற்றக் காலின் அடியைத் தரையில் மெல்லத் தேய்த்து, சிறிது சிறிதாக அழுத்துங்கள். இதுவே தடை. சமதளத்தில் இது கைவந்த பின்னரே சரிவை நாடுங்கள். வேகத்தில் பலகை நடுங்கினால் அஞ்சிப் பின்னே சாயக் கூடாது. அது நடுக்கத்தைப் பெருக்கும். பாரத்தை முன்காலுக்குக் கொண்டுவாருங்கள்.

திருவனந்தபுரம் குன்றுகளின் நகரம். ஏற்றமில்லாத தெரு அரிது. ஏற்றம் உண்டெனில் இறக்கமும் உண்டு. எந்தச் சரிவையும் முதலில் நடந்து இறங்கிப் பாருங்கள். கீழே நிற்க இடமில்லையேல் அது நமக்குரிய சரிவன்று. வளாகத்தை ஒட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலைப் பக்கம் பலகையோடு போகவே வேண்டாம். இடவப்பாதி மழையிலும் துலாவர்ஷத்திலும் பலகையை வீட்டில் வையுங்கள். ஈரத்தில் சக்கரம் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும்.

இறுதியாக ஒன்று. நம் நகருக்குத் தெற்கே கோவளத்தில் 2005-இல் ஓர் அலைச்சறுக்குக் கழகம் தோன்றியது. பின்னர் சறுக்குப் பலகைக் கழகமும் எழுந்தது. பள்ளிக்குப் போகாதவர்க்குப் பலகை இல்லை என்பதே அங்கே சிறுவர்க்கு விதித்த விதி. அச்சிறுவர்கள் பலகைக்காகப் பள்ளி சென்றனர். நானோ பலகையால் தேர்வை இழந்தேன்! அவர்களிடம் இருந்தது ஒழுங்கு. என்னிடம் இருந்தது அவசரம்.

நண்பர்களே, பலகை ஏறுங்கள். ஆனால் நிற்கக் கற்ற பின் ஏறுங்கள்.