தக்காளிக்காயை என்ன செய்வது?

பங்குனி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்ததும், மொட்டை மாடித் தொட்டியிலும் கொல்லைப்புறத்திலும் தக்காளிச் செடி சுணங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பூ வரும், உதிரும். கீழ் இலைகள் சருகாகும். ஆனால் காய் மட்டும் கொத்துக் கொத்தாகப் பச்சையாகவே தொங்கும். ‘பழுக்கட்டுமே’ என்று விட்டுவைத்தால் ஒரு பக்கம் வெயில் பட்டு வெந்து வெளுத்துவிடும். இன்னொரு பக்கத்தை அணில் பார்த்துக்கொள்ளும்! சரி, பறித்துச் சமைக்கலாம் என்றால், ‘ஐயய்யோ, பச்சைத் தக்காளி விஷமாச்சே!’ என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள்.

நிஜமாகவே விஷமா?

முற்றிய காயைப் பற்றிக் கவலையே வேண்டாம். பிஞ்சைப் பற்றிய பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தக்காளிச் செடி பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள ‘டொமாட்டின்’ என்ற கசப்புப் பொருளைத் தயாரிக்கிறது. இலையிலும் தண்டிலும் அது அதிகம். இளம் பச்சைக் காயில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். காய் வளர வளரக் குறைந்துகொண்டே போய், சிவந்த பழத்தில் கிலோவுக்குச் சுமார் 5 மில்லிகிராம்தான் மிஞ்சும். உடம்பு இதைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. குடலில் இருக்கும் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. (அதற்காக, ‘தக்காளிக்காய் தின்றால் கொலஸ்ட்ரால் குறையும்’ என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சோதனை நடந்தது வெள்ளெலிகளிடம்!)

இந்தப் பயத்துக்கு உருளைக்கிழங்கும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறிய உருளைக்கிழங்கில் சேரும் ‘சோலனின்’ வேறு பொருள், அது உண்மையிலேயே பொல்லாதது. ஒரே குடும்பம் என்பதால் பழி தக்காளிக்கும் வந்துவிட்டது. அதே குடும்பத்துச் சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் நாம் பச்சைக் காயாகத்தானே பறித்து வற்றல் போடுகிறோம்?

ஆக, உங்கள் கூடையில் இருப்பது முற்றலா, பிஞ்சா என்று தெரிந்தால் போதும். அளவை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரே அளவுள்ள காய்களில் ஒன்றை எடுத்துக் கூரான கத்தியால் குறுக்கே நறுக்குங்கள். உள்ளே விதையைச் சுற்றிக் கொழகொழவென்று ஜெல்லி இருந்து, கத்தி படும்போது விதை அறுபடாமல் வழுக்கி நகர்ந்தால் அது முற்றல். விதையும் சேர்ந்து இரண்டாக அறுபட்டால் பிஞ்சு. வெளியிலும் அடையாளம் உண்டு. முற்றல் காயின் தோல் மெழுகு பூசினாற்போல் மினுமினுக்கும், அடிப்பக்கம் லேசாக வெளுத்திருக்கும். பிஞ்சு கரும்பச்சையாக மங்கலாக இருக்கும். அதை வைத்தாலும் பழுக்காது, சமைத்தாலும் கசக்கும். வேகவைத்தாலும் டொமாட்டின் பெரிதாகக் குறையாது. எனவே பிஞ்சை மட்டும் தயங்காமல் உரக்குழியில் போட்டுவிடுங்கள். சமைத்த பிறகு கசந்தாலும் அப்படியே. கசப்பைச் சகித்துக்கொண்டு சாப்பிட வேண்டியதில்லை.

முற்றலையும், நிறம் திரும்ப ஆரம்பித்த செங்காயையும் பழுக்க வைக்கலாம். இதற்கு வெயில் தேவையே இல்லை. ஜன்னலில் வரிசையாக அடுக்குவது பார்க்க அழகுதான், பலன் கிடையாது. சொல்லப்போனால், 30 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் போனால் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் சரியாக உருவாகாது. சித்திரையில் செடியிலேயே பழுப்பவை மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்பது அதனால்தான். வீட்டிலேயே குளுமையான, காற்றோட்டமுள்ள மூலையில் ஓர் அட்டைப்பெட்டியில் ஒற்றை வரிசையாகக் காம்பு கீழே பார்க்க வையுங்கள். நடுவில் பழுத்த வாழைப்பழம் ஒன்று. அதிலிருந்து வரும் எத்திலின் வாயு காயைத் தூண்டிவிடும். மேலே பழுப்புத்தாள் போட்டு மூடினால் போதும். அச்சடித்த தாள் வேண்டாம், மை ஒட்டும் (இந்தப் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!). தினமும் திறந்து பார்த்து, அழுகலை உடனே எடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிர் பட்ட பச்சைக் காய் பிறகு வெளியே வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காமல் அழுகும். கார்பைடு கல் பக்கம் போகவே கூடாது. ஆர்செனிக் நஞ்சு கலந்திருக்க வாய்ப்புள்ள அதை, பழுக்க வைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளே தடை செய்கின்றன.

மிச்சம் இருப்பது சமையல். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சைக் காயில் சுமார் 23 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. பழத்தில் சுமார் 14தான். லைகோபீன் காயில் கிடையாது என்பது வேறு விஷயம். வேகவேக வைட்டமின் சி குறையும் என்பதால் அதிக நேரம் கொதிக்க விடாமல் செய்யும் கூட்டுதான் என் முதல் சிபாரிசு.

கால் கிலோ காய்க்கு அரை கப் பாசிப்பருப்பு. பருப்பை முதலில் தனியாக மலர வேகவையுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் காயின் புளிப்பு பருப்பை வேக விடாது. இதில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். நறுக்கிய காயைக் கொஞ்சம் தண்ணீர், மஞ்சள்தூள், உப்புடன் ஏழெட்டு நிமிடம் வேகவிட்டு, வெந்த பருப்பையும், இரண்டு ஸ்பூன் தேங்காய், அரை ஸ்பூன் சீரகம், மூன்று பச்சை மிளகாய் அரைத்த விழுதையும் சேர்த்து ஒரு கொதி. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து இறக்கினால் சப்பாத்திக்கும் ஆகும், சாதத்துக்கும் ஆகும். புளி வேண்டாம். துவையல் என்றால் நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் வறுத்து எடுத்து, அதே எண்ணெயில் காயைச் சுருள வதக்கி அரையுங்கள். அலுமினியச் சட்டியோ, ஈயம் பூசாத பித்தளையோ வேண்டாம். புளிப்பு அதை அரித்து உணவில் சேர்த்துவிடும். எவர்சில்வரும் மண்சட்டியும் உத்தமம்.

யார் சாப்பிடக்கூடாது? சர்க்கரைக்காரர்கள் தேங்காயைக் குறைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். ‘தக்காளி விதை கல்லாகிவிடும்’ என்பது வெறும் பேச்சு. விதை கல் ஆவதில்லை. கல் உண்டாக்கும் ஆக்சலேட் பசலைக்கீரையில்தான் மிக அதிகம், தக்காளியில் மிகக் கொஞ்சம்.

காய் ஏராளமாக இருந்தால் ஊறுகாய். நறுக்கி உப்பில் ஒரு நாள் ஊறவிட்டு, இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். செடியை வாட்டிய அதே சித்திரை வெயில் இதற்கு உதவும். பிறகு மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய். எண்ணெய் மேலே மிதக்க வேண்டும், ஸ்பூன் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். வெயிலில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும், உப்பு நிறையச் சேரும். பிரஷர் உள்ளவர்கள் நாக்கில் தொட்டுக்கொள்வதோடு சரி.

காயெல்லாம் பறித்த பிறகு செடியைப் பிடுங்கி ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள், இலையிலும் தண்டிலும் அந்த டொமாட்டின் இருக்கிறது. நோய் தாக்காத செடியானால் உரக்குழிக்குப் போகட்டும். அதே தொட்டியில் அடுத்து மறுபடி தக்காளியோ, கத்தரியோ, மிளகாயோ வைக்காமல் வெண்டை விதையை ஊன்றிவிடுங்கள். வெயிலுக்கு அது அசராது.