பள்ளி திறக்கும் முன் தலைமையாசிரியர் முடிக்க வேண்டியவை

பதவி உயர்விலோ மாறுதலிலோ இந்த ஆண்டுதான் முதன்முறையாகத் தலைமையாசிரியர் பொறுப்பேற்கப் போகிறீர்களா? ஜூனில் பள்ளி திறக்கும் அன்றைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே சாவியை வாங்கிவிடுங்கள். கல்வி மாவட்டத்திலிருந்து முன்னேற்பாடுகள் பற்றிச் சுற்றறிக்கை வரும். அதில் உள்ளதைச் செய்வது அடிப்படைக் கடமை. அதற்கு மேலும் வேலை இருக்கிறது.

முதலில் கழிப்பறைக்குப் போங்கள். அலுவலக அறை அப்புறம். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாளை நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தத் தாழ்ப்பாள் விழவில்லை என்றால், ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலை மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். யாரிடமும் சொல்லவும் மாட்டாள். இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள்.

அடுத்து சுவர். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மாணவர்கள் 3 பேர் உயிரிழந்தார்கள். விரிசலோ சாய்வோ கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் பிள்ளைகள் போக முடியாதபடி அடைத்துவிட்டு, மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னது ஆவணமாகாது. கடித நகலைக் கோப்பில் வையுங்கள். தண்ணீர்த் தொட்டி, மின்சார சுவிட்ச், கோடையில் மண்டிய புதர் எல்லாம் அதே நாளில் முடிகிற வேலைகள்.

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் இருப்புப் பதிவேட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் சரிபாருங்கள். பள்ளி திறப்பதற்கு முன்பே கால அட்டவணையை எழுதி ஒட்டிவிட்டால் முதல் நாளே பாடம் நடக்கும்.

இனி, அதிக நேரம் பிடிக்கிற விஷயம்: சேர்க்கை. மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. சேர்த்துக்கொண்டு சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பத்திடம் 'நாளைக்கு வாங்க' என்று சொன்னால், பெரும்பாலும் அந்த நாளை வராது.

ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கைதான் ஆசிரியர் பணியிடங்களை முடிவு செய்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 ஆனால் 3 பேர். ஒரு பிள்ளையில் ஒரு பணியிடமே மாறுகிறது. அதற்காகப் பதிவேட்டில் பேரை மட்டும் ஏற்றாதீர்கள். தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். எந்த வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு எந்தக் கணினிக்கும் தெரியாது.

மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதள வேலையைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்த பிள்ளையைப் பழைய பள்ளி 'காமன் பூல்' எனும் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். இழுபறியாக இருந்தால் அந்தத் தலைமையாசிரியரிடமே போனில் பேசிவிடுங்கள். உங்கள் பள்ளியிலிருந்து போனவர்களையும் இதே கண்ணோடு பாருங்கள். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியும் ஒரு பெயர் பொதுத் தொகுப்பிலேயே நிற்கிறதென்றால் அந்தப் பிள்ளை எங்கும் சேரவில்லை என்று சந்தேகப்படுங்கள். கடை வேலைக்கோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ வீட்டில் நிறுத்தியிருக்கலாம். பதிவிலுள்ள எண்ணுக்கு அழையுங்கள். அது மாறியிருந்தால், அந்தத் தெருவைச் சேர்ந்த குழு உறுப்பினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.