குறிஞ்சிப்பூவும் சாரல் நிலமும்

குறிஞ்சி, திணைப் பெயராக ஆராயப்பட்ட அளவிற்குத் தாவரமாக ஆராயப்படவில்லை. குறுந்தொகை 3ஆம் பாடலில் தேவகுலத்தார் அதனைச் செடியாகவே காட்டுகிறார். மலைச்சாரலில் வளர்வது, கரிய தண்டு உடையது, மிகுந்த தேனுக்கு மூலமாவது என்னும் மூன்று செய்திகள் அப்பாடலில் உள்ளன.

குறிஞ்சி என்னும் பெயர் இன்று ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் பல இனங்களுக்கு வழங்குகிறது. அவற்றுள் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியே (ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா) பாடலின் பூ என்பர். பாடலில் ஆண்டுக்கணக்கு இல்லை. ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. ஆயினும் தேன் பற்றிய குறிப்பு இக்கருத்திற்கு வலுச்சேர்க்கிறது. சரிவு முழுவதும் ஒருங்கே பூத்தாலன்றித் தேனீக்கள் ஒரே பூவிலிருந்து அத்துணைத் தேனை ஈட்டுதல் அரிது.

நீலக்குறிஞ்சி பல்லாண்டுச் செடி. எனினும் வாழ்நாளில் ஒருமுறையே பூத்து, விதை முதிர்ந்தபின் மடிகிறது. மூணாறுப் பகுதியில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. ஒரு பூப்பில் விதை வீழாத நிலம் அடுத்த பூப்பில் வெறுமையாகும்.

இச்செடிக்குரிய இடம் நீலகிரி, பழனி, ஆனைமலைத் தொடர்களில் சோலைக்காடுகளை அடுத்துள்ள திறந்த புல்வெளி. ஆங்கிலேயர் ஆட்சியில் அப்புல்வெளி பயனற்ற நிலமாகக் கருதப்பட்டது. தேயிலையும் யூகலிப்டஸும் சீகையும் அங்கு ஏறின. விடுதலைக்குப் பின்னரும் மரநடவு தொடர்ந்தது. மரம் மூடிய மலை பார்வைக்குப் பசுமையாகவே தோன்றுவதால் இவ்விழப்பு எளிதில் புலப்படுவதில்லை. குறிஞ்சி நிலம் என்றவுடன் அடர்காட்டையே எண்ணும் இலக்கிய வாசிப்பும் இதற்கு விலக்கன்று. பாடல் கூறுவதோ சாரலை.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீலக்குறிஞ்சியைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாக்கியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் 2024இல் அதனை 'அழிவுக்கு இலக்காகத்தக்க' இனமாக வகைப்படுத்தியது. இவற்றுக்கு முன்பே, 2006இல், வட்டவடை, கொட்டக்காம்பூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் பரப்பில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தைக் கேரள அரசு அறிவித்தது. பூவை மட்டுமன்றி நிலத்தையும் காக்க முனைந்த அறிவிப்பு என்பதால் அது தனித்துக் குறிப்பிடத்தக்கது. எல்லைக்குட்பட்ட பட்டா நிலங்கள் பற்றிய சிக்கலோ நெடுங்காலம் நீண்டது. பூவைப் பறிப்பவரைச் சட்டம் தடுக்கலாம். சீகை நிழலில் முளைக்க இயலாத விதைக்கு அச்சட்டத்தில் இடமில்லை.