நடக்க இடம் தேடுவோர் நீர்த்தேக்கத்தைத் தேடுக
லைங் தாயாவாசிகளுக்கான ஒரு நாள் நடைப்பயணப் பாடம்

லைங் தாயாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு வாரத்தில் ஓய்வு ஒரே ஒரு நாள்தான். அந்நாளில் பிள்ளைகளைத் தொழிற்சாலை மதிற்சுவர்களுக்கும் பேருந்து இரைச்சலுக்கும் அப்பால் அழைத்துச் செல்ல விரும்புவோர், "அருகில் மலையோ காடோ உண்டா?" என்று வினவுகின்றனர். இடங்களின் பெயர்களை மட்டும் அடுக்கித் தந்தால் அவ்வினாவுக்கு முழு விடை கிடைக்காது. பேருந்துத் தடங்களும் திறக்கும் நேரங்களும் மாறக்கூடியவை. நிலத்தின் அமைப்போ எளிதில் மாறுவதில்லை. ஆகவே நிலத்தைப் படித்துத் தாமே இடம் தேர்ந்துகொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

1. நாம் வாழும் நிலம்

லைங் தாயா, நெல்வயல்களாக இருந்த தாழ்நிலத்தின்மீது 1989ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட புதுநகரம். 2014ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கு ஏறத்தாழ 6,87,000 பேர் பதிவாயினர். கிழக்கே லைங் ஆறும் தெற்கே பான் லைங் ஆறும் இதன் எல்லைகள். காலங்காலமாக ஆறுகள் கொண்டுவந்து படியச்செய்த வண்டல்மண்ணே இந்நிலம். நம் இலக்கண மரபில் சொன்னால் இது முற்றிலும் மருதம். இங்கே குன்றைத் தேடுவது வீண்முயற்சி.

ஆற்றின் கீழ்க்கரையில் நிலைமை வேறு. நாட்டின் நடுப்பகுதியில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 435 கிலோமீட்டர் நீளும் பகோ யோமா மலைத்தொடர், படிப்படியாகத் தாழ்ந்து யாங்கூன் நகருக்குள் வந்து முடிகிறது. ஷ்வேடகோன் பகோடா நிற்கும் சிங்குத்தரக் குன்று, அம்மலைத்தொடரின் தென்கோடி மேடு என்று கருதப்படுகிறது. எனவே ஆங் ஸேயா பாலத்தின் வழியாகவோ பயின்னவுங் பாலத்தின் வழியாகவோ ஆற்றைக் கடந்த சிறிது நேரத்திலேயே நாம் வண்டல் நிலத்தை விட்டு மேட்டு நிலத்தை அடைகிறோம்.

2. விதி ஒன்று: தேக்கம் உள்ள இடத்தில் மரம் உண்டு

மேடும் பள்ளமுமான நிலத்தில்தான் கரை கட்டி மழைநீரைத் தேக்க முடியும். தேக்கிய நீர் தூயதாக இருக்கவேண்டுமெனில், சுற்றிலும் உள்ள காட்டை வெட்டாமல் காக்கவேண்டும். இக்காரணத்தால், பெருநகரங்களின் அருகே காடு எஞ்சியிருக்கும் இடம் பெரும்பாலும் குடிநீர்த் தேக்கத்தின் கரையாகவே இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர்கள் காட்டு நடைக்குச் செல்லும் மெக்ரிச்சி நீர்த்தேக்கமும் 1868இல் அந்நகரின் குடிநீருக்காகக் கட்டி முடிக்கப்பட்டதே.

யாங்கூனிலும் இவ்விதி பொருந்துகிறது. இன்யா ஏரி இயற்கையாகத் தோன்றியதன்று. 1882–83இல் ஆங்கிலேயர் சிறு குன்றுகளைக் கரையால் இணைத்து உருவாக்கிய தேக்கம். அன்று அதன் பெயர் விக்டோரியா ஏரி. கண்டோஜி ஏரியும் நகருக்கு நீர் வழங்கவே அமைக்கப்பட்டது. இன்யாவிலிருந்து அதற்கு நீர் கொணரப்பட்டது. நகரம் வளர்ந்து அவ்விரண்டும் போதாமற்போனபோது, வடக்கே லோகா நீர்த்தேக்கம் 1904 முதல் நீர் வழங்கத் தொடங்கியது. நாம் இன்று காற்று வாங்கச் செல்லும் மூன்று இடங்களும் ஒரு நகரத்தின் தாகத்தால் தோன்றியவை. வரைபடத்தில் நீர்த்தேக்கத்தைக் கண்டால் அதன் அருகே நடக்கத்தக்க இடம் உண்டா என்று விசாரித்தறிக.

3. அரை நாளுக்கு உரியவை

முதியவர்களும் சிறு குழந்தைகளும் உடன்வரும்போது ஏரிக்கரைகளே ஏற்றவை. இன்யா ஏரியின் மேற்கில் பியே சாலையை ஒட்டிய கரைமேல் நடைபாதை உள்ளது. ஏற்றமில்லை, களைத்தவுடன் சாலைக்குத் திரும்பிவிடலாம். கரையில் நிழல் குறைவாதலால் காலையிலோ மாலையிலோ செல்க. கண்டோஜி ஏரியின் சுற்றளவு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அதன் தெற்கே 1906இல் திறக்கப்பட்ட விலங்கியல் பூங்கா இருப்பதால், நடக்க மறுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

நடக்கவே இயலாதவர்களுக்கு யாங்கூன் வட்ட இரயில் உகந்தது. ஆற்றைக் கடந்து இன்செயின் நிலையத்தில் ஏறலாம். ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை நகர நெரிசல், புறநகர்த் தோட்டங்கள், கீரைப் பாத்திகள் ஆகிய அனைத்தையும் சன்னலோரத்திலேயே காட்டிவிடும். டான்யிங்கோன் நிலையத்தருகே கூடும் காய்கறிச் சந்தை இறங்கிப் பார்க்கத்தக்கது. இரயில் நேரத்தை முதல்நாளே நிலையத்தில் கேட்டறிக.

4. முழு நாளுக்கு உரியது: லோகா

காட்டுக்குள் நடக்க விரும்புவோருக்கு மிக அருகில் உள்ள இடம் லோகா தேசியப் பூங்கா. யாங்கூன் மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், தௌக்கியான் அருகே அமைந்துள்ளது. 1982இல் நிறுவப்பட்ட இப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 1,540 ஏக்கர். கடமான், பாடா மான், கேளையாடு, நாட்டின் அரிய மானாகிய தாமின் ஆகியவற்றை இங்குக் காணலாம். குரங்குகள் நிறைய உண்டு. கையில் தின்பண்டத்தை வெளிப்படையாக ஏந்திச் செல்லற்க.

பகோ யோமாவின் காடுகளுக்கு உலக வனவியல் வரலாற்றில் இடம் உண்டு. 1856இல் பெகுப் பகுதியின் காட்டுக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ், மரங்களை எண்ணி அளந்து, வெட்டத்தக்க அளவை வரையறுக்கும் முறையைத் தேக்குக் காடுகளில் நடைமுறைப்படுத்தினார். கரென் மக்கள் தம் மலைப்புனங்களில் பயிருடன் தேக்குக் கன்றும் நட்டு வளர்க்கும் 'தௌங்யா' முறை அவர் காலத்தில்தான் பரவியது. பூங்காவுக்குள் ஒரு தேக்குமரத்தைக் கண்டால் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லலாம்.

திரும்பும் வழியில் தௌக்கியான் போர்க் கல்லறையில் அரைமணி நேரம் செலவிடுக. இரண்டாம் உலகப்போரில் மாண்ட 6,374 வீரர்கள் அங்கு அடக்கமாகியுள்ளனர். கல்லறை இன்றி மறைந்த ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் நினைவுத்தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் பெருந்தொகையினர் இந்தியப் படையினர். தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தனி நினைவுச்சின்னமும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் போர்க்காலத்தைப் பற்றிச் சொன்ன கதைகள், இங்கே கல்லில் எழுதிய பெயர்களாக நிற்கின்றன.

5. தெற்கும் தொலைவும்

மலை வேண்டாம், நீரும் வயலும் போதும் என்போர், ஆற்றுக்கு அப்பால் டலாவை அடைந்து அங்கிருந்து துவாந்தே செல்லலாம். யாங்கூன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்கும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயும், மட்பாண்டம் வனையும் குயவர் குடியிருப்பும் அங்குள்ளன.

விழா விடுமுறையில் தொலைவு செல்வோருக்கு இரண்டு இடங்கள். ஒன்று, பகோ வட்டாரத்து மோயுங்ஜி ஈரநிலம். 1878இல் கால்வாய்க்கு நீர் வழங்கத் தோண்டிய இத்தேக்கம், இன்று வலசைப்பறவைகளின் புகலிடமாக 2004 முதல் ராம்சார் பட்டியலில் உள்ளது. நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகளைக் காணலாம். மற்றொன்று, பொன்பாறை நிற்கும் சைத்தியோ மலை. கின்புன் அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஏற்றம். ஏறும் உயரம் ஆயிரம் மீட்டர் அளவு. ஏரிக்கரை நடையும் லோகா நடையும் பழகாதவர் நேரே இதற்குப் புறப்படுதல் கூடாது. வழித்தட நிலைமையையும் இரவுத் தங்கலுக்குரிய பதிவு விதிகளையும் முன்னரே விசாரித்துக்கொள்க.

6. விதி இரண்டு: காலத்தை அறிந்து புறப்படுக

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடைக்கு உகந்த காலம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் முற்பகல் பத்து மணிக்குள் நடையை முடித்துக்கொள்க. மே நடுப்பகுதி முதல் அக்டோபர் வரை மழைக்காலம். செம்மண் சரிவு வழுக்கும், ஓடைகள் திடீரெனப் பெருகும்.

டிசம்பரில் மாலை ஐந்தரை மணியளவில் கதிரவன் மறைந்துவிடும். எனவே கையிலுள்ள நேரத்தில் பாதி கழிந்ததும், இலக்கை அடையாவிட்டாலும் திரும்பிவிடுக. கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட குடும்பத்திற்கு அன்றைய காட்சியழகு எதுவும் நினைவில் நிற்பதில்லை.

7. உடல்நலமும் பாதுகாப்பும்

மியன்மாரில் பாம்புக்கடியால் நேரும் உயிரிழப்புகளுக்குப் பெருங்காரணம் கண்ணாடி விரியன். அது வயல்வரப்பிலும் புதர் ஓரத்திலும் காய்ந்த இலைகளின் நிறத்தோடு கலந்து கிடக்கும். மூடிய காலணி அணிக. வரப்பில் செருப்புடன் நடத்தல் ஆகாது. கடிபட்டால் காயத்தைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகிய மூன்றும் தீங்கு செய்யும். கடிபட்டவரைப் படுக்கவைத்து, கடிபட்ட உறுப்பை அசையாமல் தாங்கிக் கட்டி, மோதிரம், வளையல்களை அகற்றி, நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்க. வலி குறைவாயிருப்பினும் காத்திருத்தல் கூடாது. இந்நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கவல்லது.

லைங் ஆற்றில் கடல் ஓதம் ஏறி இறங்கும். காலையில் நின்ற சேற்றுத்திட்டு பிற்பகலில் நீருக்கடியில் இருக்கலாம். பிள்ளைகளை ஆற்றோரச் சேற்றில் விளையாட விடற்க.

8. சட்டம் சொல்வது

2018ஆம் ஆண்டின் வனச் சட்டமும், அதே ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்பு மற்றும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டமும் இவ்விடங்களுக்குப் பொருந்தும். காப்புக்காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவதும், தீ மூட்டுவதும், பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைப் பிடிப்பதும் தண்டனைக்குரியவை. "அறியாமல் செய்தேன்" என்பது பொதுவாகச் சட்டத்தின்முன் விடுதலை தராது. தமிழ் மட்டுமே படிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். பர்மிய எழுத்து அறிந்த இளையோர் நுழைவாயிலிலேயே அறிவிப்புப் பலகையை வாசித்து அவர்களுக்குப் பொருள் கூறுதல் வேண்டும்.

சட்டத்திற்கு மேலும் ஒன்று உண்டு. லோகாவின் கரையில் எறியும் நெகிழிப்பை நாம் குடிக்கும் நீருக்கே திரும்பி வருகிறது. கொண்டுசென்ற அனைத்தையும் திரும்பக் கொண்டுவருக.

9. புறப்படுமுன் ஐந்து வினாக்கள்

அ. உடன் வருவோரில் மிகவும் தளர்ந்தவர் யார்? அவரால் எவ்வளவு தொலைவு நடக்க இயலும்?
ஆ. இடம் இன்று திறந்திருக்கிறதா? யாரிடம் கேட்டறிந்தோம்?
இ. கடைசி வண்டி எத்தனை மணிக்கு? எத்தனை மணிக்குத் திரும்பத் தொடங்குவோம்?
ஈ. ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர், அடையாள அட்டை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து ஆகியன உள்ளனவா?
உ. எங்குச் செல்கிறோம் என்பதை அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டோமா?

ஐந்துக்கும் விடை கிடைத்தால் புறப்படலாம். ஒன்றுக்கு விடை இல்லையெனினும் அன்று இன்யாக் கரையோடு நிறுத்திக்கொள்க. லோகாவை அடுத்த ஓய்வுநாளில் பார்க்கலாம்.